ஓடும் கர்னலை நிறுத்திப் பார்ப்பது எப்படி?

அன்டார்க்டிகாவில் நோவோலாசரேவ்ஸ்கயா என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அங்கே தங்கியிருந்த சோவியத் குழுவில் மருத்துவர் ஒருவரே ஒருவர். பெயர் லியோனிட் ரோகோசோவ், வயது 27. ஏப்ரல் மாதக் கடைசியில் அவருக்கே குடல்வால் அழற்சி வந்துவிட்டது. அறுவை செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து. வெளியிலிருந்து உதவி வர வழியில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? வயிற்றை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட்டுக்கொண்டு, தன் வயிற்றைத் தானே அறுத்துக் குடல்வாலை எடுத்துவிட்டார்! மருத்துவம் படிக்காத தோழர்கள், ஒருவர் கருவிகளை எடுத்துத் தர, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரிந்து குழப்பியதால், பெரும்பகுதி வேலையைக் கையால் தடவிப் பார்த்தே முடித்தார். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு வாரத்தில் மறுபடி வேலைக்கும் திரும்பினார்.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சாதாரண நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கலாம். ரோகோசோவுக்குக் கொடுக்க முடியாது. மூளையும் கண்ணும் இரண்டு கைகளும் விழித்திருக்க வேண்டும், வயிறு மட்டும் தூங்க வேண்டும். எதைத் தூங்க வைப்பது, எதை விழித்திருக்க விடுவது என்ற கேள்விதான் அங்கே உயிர்நாடி. கணிப்பொறியின் உள்ளேயும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இயக்க அமைப்பின் கர்னலில் பிழை தேடுகிறவர்கள் அவர்கள்.

கர்னல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். கணிப்பொறியில் நாம் திரையில் பார்ப்பதெல்லாம் ஓடு. உள்ளே இருக்கும் பருப்புதான் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது, எந்தப் புரோகிராம் எப்போது ஓட வேண்டும் என்று முறை வைப்பது, விசைப்பலகை, வட்டு, திரை ஆகியவற்றோடு பேசுவது எல்லாம் செய்கிறது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கர்னல் இன்று மூன்று கோடி வரிகளையும் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால் அதற்குள்ளும் இந்தக் கர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று கோடி வரிகளை மனிதர்கள் எழுதினால் அதில் பிழைகள் இருக்காதா?

சாதாரணப் பிழைதேடி

முதலில் எளிய நிலைமையைப் பார்ப்போம். நீங்கள் பள்ளியில் மதிப்பெண்களைக் கூட்டும் ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள். விடை தவறாக வருகிறது. எந்த வரியில் தவறு? இதைக் கண்டுபிடிக்க உதவும் கருவிக்கு டிபக்கர் என்று பெயர். நாம் பிழைதேடி என்று சொல்வோம். 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜி.டி.பி. என்ற பிழைதேடி இன்றும் உலகமெங்கும் பயன்படுகிறது. ‘பதினைந்தாவது வரியில் நில்’ என்று அதனிடம் சொன்னால், உங்கள் புரோகிராம் அந்த வரி வரை ஓடிச் சட்டென்று நின்றுவிடும். அப்போது கூட்டுத்தொகை எவ்வளவு, அடுத்து எங்கே போகப்போகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு அடியாக நடக்க விடலாம்.

ஓடுகிற புரோகிராமை அது எப்படி நிறுத்துகிறது? இங்கே ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. நமது மேசைக் கணிப்பொறிகளில் அதிகம் உள்ள இன்டெல் வகைப் பிராசசரை எடுத்துக்கொள்வோம். நினைவகத்தில் ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். பிராசசருக்குத் தரும் ஆணைகளும் எண்களே. இவற்றில் 204 என்ற எண்ணுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு: ‘வேலையை நிறுத்து, மேலதிகாரியைக் கூப்பிடு’. பிழைதேடி என்ன செய்கிறது? நீங்கள் நிற்கச் சொன்ன இடத்தில் இருக்கும் பைட்டை எடுத்து பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் 204-ஐ எழுதிவிடுகிறது. தண்டவாளத்தில் சிவப்புக் கொடி நட்டது போல. ஓடி வரும் பிராசசர் அதில் மோதி நிற்கிறது.

நின்ற பிறகு மறுபடி புறப்பட வேண்டுமே! பழைய பைட்டை அதன் இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். பிராசசர் அதற்குள் 204-ஐத் தாண்டி அடுத்த பைட்டில் நிற்பதால், அதை ஒரு பைட் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிறகு ஒரே ஓர் ஆணையை மட்டும் செய்துவிட்டு நில் என்று விட வேண்டும் (இதற்காகவே பிராசசருக்குள் ஒரு தனிக் குறி இருக்கிறது). அந்த ஓரடி எடுத்து வைத்ததும், மறுபடி 204-ஐ நட்டுவிட்டு ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் அங்கே நிற்காது. ஒரு பைட்டை மாற்றுவதற்கு இத்தனை சடங்கு!

இதில் ‘மேலதிகாரி’ என்று சொன்னேனே, அவர் யார்? கர்னல்தான். சாதாரணப் பிழைதேடி, நோயாளியான புரோகிராமை நேரடியாகத் தொடுவதே இல்லை. ‘அவனை நிறுத்து, அவன் நினைவகத்தைப் படித்துச் சொல், இந்த பைட்டை மாற்று’ என்று ஒவ்வொன்றுக்கும் கர்னலிடம்தான் கேட்கிறது. கர்னல் மருத்துவமனை போல. படுக்கை, விளக்கு, மயக்க மருந்து எல்லாம் அதன் பொறுப்பு.

அந்த மருத்துவமனைக்கே நோய் வந்தால்?

யார் யாரை நிறுத்துவது?

கர்னலின் நடுவே 204-ஐ நட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் நிற்கிறது. ஆனால் நின்றது கர்னல் அல்லவா? இப்போது விசைப்பலகையிலிருந்து எழுத்தை வாங்கித் தருவது யார்? திரையில் எழுதுவது யார்? எல்லாம் நின்றுபோனவரின் வேலைகள். ஆகவே கர்னலுக்குள்ளேயே ஒரு சிறு பகுதி, மற்ற எல்லாம் உறங்கும்போதும் யாருடைய உதவியும் இல்லாமல் விழித்திருக்கும்படி எழுதப்பட வேண்டும். அதுதான் கர்னல் பிழைதேடி.

இன்னொரு சிக்கல். இன்றைய கணிப்பொறிகளில் நான்கு, எட்டு, பதினாறு பிராசசர்கள் ஒரே கர்னலை ஒரே சமயத்தில் ஓட்டுகின்றன. ஒன்று கொடியில் மோதி நின்றது. மற்றவை ஓடிக்கொண்டே இருந்தால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தில் எல்லாம் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் நின்ற பிராசசர் தலைவனாகி, மற்ற எல்லாவற்றையும் உடனே கூப்பிட்டு நிறுத்துகிறது. சாதாரண அழைப்பு போதாது. ஏனென்றால், சில நேரங்களில் பிராசசர்கள் ‘என்னைத் தொந்தரவு செய்யாதே’ என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும். அதனால் எந்தக் கதவும் தடுக்க முடியாத ஒரு வகைக் குறுக்கீட்டை அனுப்பும் வசதியும் இன்டெல் வகைப் பிராசசர்களில் இருக்கிறது. வந்து சேர்ந்த பிராசசர்கள் ஒரு சின்ன வட்டத்தில் சுற்றிக்கொண்டு, தலைவன் விடை தரும் வரை காத்திருக்கும்.

பூட்டுகளையும் மறக்கக் கூடாது. ஒரு பொருளை ஒரே சமயத்தில் இரண்டு பேர் தொடாமலிருக்கக் கர்னலுக்குள் ஆயிரக்கணக்கான பூட்டுகள் உண்டு. திரையில் எழுதும் பகுதிக்கும் ஒன்று உண்டு. ஒரு பிராசசர் அந்தப் பூட்டின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே நின்றுவிட்டால்? பிழைதேடி முறைப்படி சாவிக்காகக் காத்திருந்தால் யுகம் யுகமாகக் காத்திருக்க வேண்டியதுதான். சாவி வைத்திருப்பவன் எழ மாட்டான், அவனை எழுப்ப வேண்டியவன் சாவிக்காக நிற்கிறான். ஆகவே பிழைதேடியில் பூட்டைத் தேடி நிற்கும் வழக்கமான வழிகளைத் தொடக்கூடாது.

விசைப்பலகை விஷயமும் இப்படித்தான். வழக்கமாக நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் அது கர்னலைக் குறுக்கிட்டு எழுப்பும். பிழைதேடி விழித்திருக்கும்போது குறுக்கீடுகள் எல்லாம் அடைக்கப்பட்டிருக்கும். எனவே அது தானே போய், ‘எழுத்து வந்ததா? வந்ததா? வந்ததா?’ என்று ஒரு நொடியில் எண்ணற்ற முறை கேட்டுக்கொண்டே இருக்கும். தபால்காரர் வீட்டுக்கு வரமாட்டார் என்று தெரிந்தவன் தபால் நிலைய வாசலிலேயே நின்றுவிடுவது போல. பழைய வகை விசைப்பலகைக்கும் சீரியல் கம்பிக்கும் இப்படிக் கேட்பது சுலபம். யு.எஸ்.பி. விசைப்பலகைக்கு அப்படி அல்ல. அதற்கும் பிராசசருக்கும் நடுவே பல அடுக்கு ஏற்பாடுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை உறங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு நோயாளி, இரண்டு வைத்தியர்கள்

லினக்ஸ் கர்னலுக்குப் பிழைதேடி செய்ய முயன்றவர்கள் இரண்டு வழிகளில் போனார்கள்.

முதல் வழி கே.டி.பி. இது சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் வளர்ந்தது. கர்னலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, அதே கணிப்பொறியின் திரையிலும் விசைப்பலகையிலும் உங்களோடு பேசும். ரோகோசோவின் வழி என்று சொல்லலாம். எந்தெந்தப் புரோகிராம்கள் இருந்தன, நின்ற இடத்துக்கு எந்த வழியாக வந்தது, கடைசியாகக் கர்னல் எழுதிய குறிப்புகள் என்ன என்றெல்லாம் காட்டும். வேறு கணிப்பொறி தேவையில்லை. ஆனால் அதற்கு மூலப் புரோகிராமின் வரிகள் தெரியாது. எண்களையும் முகவரிகளையும் வைத்துக்கொண்டு நீங்கள்தான் தலையைச் சொறிய வேண்டும்.

இரண்டாவது வழி கே.ஜி.டி.பி. இதில் இரண்டு கணிப்பொறிகள். ஒன்றில் நோயாளிக் கர்னல், மற்றொன்றில் நாம் முன்பு பார்த்த ஜி.டி.பி. இரண்டையும் சீரியல் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். நோயாளியின் பக்கம் ஒரு சிறிய உதவியாளன் மட்டும் விழித்திருந்து, ‘இந்த முகவரியில் என்ன?’, ‘இங்கே கொடி நடு’ என்று வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். மூல வரிகள், பெயர்கள் எல்லாவற்றையும் மறுபக்கத்து ஜி.டி.பி. தெரிந்து வைத்திருப்பதால் வரி வரியாகப் பார்க்கலாம். வைத்தியர் வேறு உடம்பு, நோயாளி வேறு உடம்பு.

நல்ல கருவிகள்தான். ஆனால் பல ஆண்டுகள் இரண்டுமே லினக்ஸின் அதிகாரபூர்வமான மூலத்தில் சேர்க்கப்படவில்லை. வேண்டியவர்கள் தனியாக வாங்கி ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். காரணம் டோர்வால்ட்ஸின் எதிர்ப்பு. கர்னல் பிழைதேடி தமக்குப் பிடிக்காது என்று 2000-ஆம் ஆண்டு அவர் வெளிப்படையாகவே எழுதினார். கருவி கையில் இருந்தால் மக்கள் நோய்க்குறியைப் பார்த்து ஒட்டுப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது இல்லாவிட்டால் மூலத்தைப் படித்து, யோசித்து, காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள் என்பது அவர் கட்சி.

இதில் பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. கணக்குப் பாடத்தில் விடையைப் பார்த்துவிட்டு வழியைத் தேடும் மாணவனை நமக்குத் தெரியும். ஆனால் மறுபாதி இருக்கிறது. எங்கோ ஒரு மூலையில் இருக்கும் கணிப்பொறி திடீரென்று உறைந்துபோகிறது. செத்துக்கொண்டிருக்கும் கர்னலால் வட்டில் ஒழுங்காகக் குறிப்பெழுத முடியாது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் தடயமெல்லாம் அழிந்துவிடும். அந்தக் கணத்தில் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் இல்லாவிட்டால், மூலத்தின் மூன்று கோடி வரிகளில் எந்த வரியை உட்கார்ந்து யோசிப்பது?

கடைசியில் 2008-இல் வெளியான 2.6.26 என்ற லினக்ஸ் பதிப்பில் கே.ஜி.டி.பி. இடம்பெற்றது. விண்ட் ரிவர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேசன் வெசல் அதைச் சுத்தம் செய்து, சுருக்கி, ஏற்கத்தக்கதாக்கியிருந்தார். அடுத்த கேள்வி: கே.டி.பி.-ஐ என்ன செய்வது? அதையும் அப்படியே கொண்டுவந்து சேர்த்தால், கொடி நடுவதற்கு இரண்டு பேர், பிராசசர்களை நிறுத்த இரண்டு பேர், பொறியில் மோதியவனைப் பிடிக்க இரண்டு பேர் என்று ஒரே வீட்டில் இரண்டு சமையலறை ஆகிவிடும். இருவரும் ஒரே பைட்டில் 204-ஐ நட்டால் யார் பத்திரப்படுத்தியது உண்மையான பைட்?

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். பிராசசர்களை நிறுத்துவது, கொடி நடுவது, எடுப்பது, மறுபடி ஓடவிடுவது ஆகிய இவையெல்லாம் பொதுவான நடுப்பகுதி. மனிதரோடு பேசுவது முகப்பு. கே.ஜி.டி.பி. ஒரு முகப்பு, கே.டி.பி. இன்னொரு முகப்பு. ரயில் நிலையத்தில் இரண்டு டிக்கெட் ஜன்னல்கள் இருந்தாலும் பின்னால் ஓடுவது ஒரே ரயில்தானே! 2010-இல் வெளியான 2.6.35 பதிப்பில் இந்த ஏற்பாடு வந்தது. இதே பிரிவினையை ஃப்ரீ-பி.எஸ்.டி. என்ற இன்னொரு இயக்க அமைப்பு 2004-இலேயே செய்திருந்தது.

இந்த நடுப்பகுதியின் இதயமான இடம் மிகச் சிறியது. எல்லாப் பிராசசர்களும் நின்ற பிறகு, அது ஒரு வட்டத்துக்குள் நுழைந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: இப்போது யாருடைய முறை, கே.டி.பி.-யா, கே.ஜி.டி.பி.-யா? முறை உள்ள முகப்பைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்படைக்கிறது. முகப்பு திரும்பி வரும்போது ஒரு செய்தி கொண்டுவரும். ‘மற்றவனிடம் கொடு’ என்றால் முறையை மாற்றிவிட்டு வட்டத்தை மறுபடி சுற்றும். ‘வேறு பிராசசரைப் பார்க்க வேண்டும்’ என்றால் தலைமைப் பதவியை அந்தப் பிராசசருக்கு மாற்றும். ‘போதும், ஓடவிடு’ என்றால் வட்டத்தை விட்டு வெளியே வரும்.

ஒரு முகப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எப்படி? கே.டி.பி.-யில் இருக்கும்போது கே.ஜி.டி.பி. என்று பெயரைத் தட்டினால் போதும். மறுபக்கத்திலிருந்து திரும்ப வருவதற்குக் கம்பியில் இந்த ஐந்து குறிகளை அனுப்ப வேண்டும்:

$3#33

மந்திரம் போல இருக்கிறதல்லவா? மந்திரம் இல்லை, கணக்குத்தான். ஜி.டி.பி.-யும் உதவியாளனும் கம்பியில் பேசும் ஒவ்வொரு செய்தியும் $ குறியில் தொடங்கும். பிறகு செய்தி. அதன்பின் # குறி. கடைசியில் இரண்டு இலக்கங்கள், சரிபார்ப்பதற்கு. செய்தியிலுள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் கணிப்பொறியில் ஓர் எண் உண்டு. அவற்றையெல்லாம் கூட்டி, 256-ஆல் வகுத்து, வரும் மீதியைப் பதினாறடிமான முறையில் எழுதினால் அந்த இரண்டு இலக்கங்கள் கிடைக்கும். இங்கே செய்தி ‘3’ என்ற ஒரே குறி. அதன் எண் 51. 51 என்பது 3×16+3, ஆகவே 33. வாங்கியவன் தானும் கூட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் + என்றும், வழியில் ஏதாவது கெட்டிருந்தால் - என்றும் பதில் தருவான். - வந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். பாதி செத்த கர்னலோடு பேசும்போது இந்தச் சின்னக் கணக்கு பெரிய காப்பு.

நீங்களும் ஒன்று போட்டுப் பாருங்கள். ‘1’ என்ற குறியின் எண் 49, ‘2’-இன் எண் 50. செய்தி ‘12’ என்றால் # குறிக்குப் பின் என்ன வரும்? (49+50=99; 99=6×16+3. விடை 63.)

எழுப்புவதும் கலைதான்

நிறுத்தினால் போதாது, ஒழுங்காக எழுப்பவும் வேண்டும். கர்னலுக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள். ஏதாவது ஒரு பிராசசர் பல நொடிகள் அசையாமல் இருந்தால், ‘தொங்கிவிட்டது’ என்று கூச்சலிடுவது அவர்கள் வேலை. பிழைதேடியில் நீங்கள் பத்து நிமிடம் யோசித்துக்கொண்டிருந்தால் கர்னலுக்கு அந்தப் பத்து நிமிடமும் தெரியாது. கும்பகர்ணன் எழுந்து கடிகாரத்தைப் பார்ப்பது போல, எழுந்தவுடன் காவல்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்துவார்கள். அதனால் ஓடவிடுவதற்கு முன்பே நடுப்பகுதி ஒவ்வொரு காவல்காரனையும் தட்டி, ‘நேரத்தைப் புதிதாக எண்ணத் தொடங்கு’ என்று சொல்லிவிடுகிறது. எல்லாக் கொடிகளையும் திரும்ப நடுவதும் இந்தச் சமயத்தில்தான். உள்ளே நுழையும்போது அவற்றையெல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கி வைத்திருந்தது. கொடிகள் நட்டபடியே இருந்தால் பிழைதேடி தான் நட்ட கொடியில் தானே தடுக்கி விழலாம் அல்லவா?

வெளியுலகத்துக்கு இந்தத் தந்திரங்கள் தெரியாது. வலையமைப்பில் மறுமுனையில் காத்திருந்த கணிப்பொறி அலுத்துப்போய்த் தொடர்பைத் துண்டித்திருக்கும். பத்து நிமிடம் நின்ற கர்னல் எழுந்தாலும் சில உறவுகள் போனவைதான்.

இவ்வளவு சக்தியுள்ள ஜன்னலைத் திருடனும் பார்ப்பான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிழைதேடிக்குள் நுழைந்தவர் கர்னலின் எந்த பைட்டையும் படிக்கலாம், மாற்றலாம். 2019-இல் லினக்ஸ் கர்னலில் ஒரு ‘அடைப்பு’ ஏற்பாடு வந்தது. அதை இயக்கிவிட்டால் கணிப்பொறியின் தலைமை நிர்வாகிகூடக் கர்னலின் உள்ளே கைவைக்க முடியாது என்பது நோக்கம். பல கதவுகளைப் பூட்டினார்கள். பிழைதேடி என்ற ஜன்னல் திறந்தே கிடந்தது. 2022-இல்தான் அது கவனிக்கப்பட்டு, அடைப்பு நிலையில் இரண்டு முகப்புகளும் நினைவகத்தைத் தொடவிடாமல் பூட்டப்பட்டன.

இதையெல்லாம் செய்து பார்க்க இரண்டாவது கணிப்பொறியும் கம்பியும் தேவையில்லை. கியூமு என்ற இலவசப் புரோகிராம், உங்கள் கணிப்பொறிக்குள்ளேயே இன்னொரு கணிப்பொறி இருப்பது போல நடித்துக் காட்டும். சீரியல் கம்பியையும் நடித்துக் காட்டும். அதற்குள் ஒரு லினக்ஸை ஓடவிட்டு, கொடி நட்டு நிறுத்தி, $3#33 அனுப்பிப் பாருங்கள். அந்தக் கர்னல் எழாமலே போனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை, ஜன்னலை மூடிவிட்டு மறுபடி தொடங்கலாம்.